எல்லைப்புற வகுப்பறையில் விளம்பரத்தையும் செய்தியையும் ஆராயக் கற்பித்தல்: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்களில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஊடகம் இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. கோயம்புத்தூர்ப் பதிப்புத் தமிழ் நாளிதழும் பாலக்காட்டுப் பதிப்பு மலையாள நாளிதழும் ஒரே டீக்கடை பெஞ்சில் கிடக்கின்றன. ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் காற்றில் பறந்து முடிவதற்குள் ஓணத் தள்ளுபடி நோட்டீஸ் வந்துவிடுகிறது. இரண்டு மொழிகளுக்கு நடுவில் வளர்வதை இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட ஒரு சுமையாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். ஊடகத்தை ஆராயக் கற்பிக்க வேண்டும் என்றால், இதைவிட வசதியான வகுப்பறை வேறில்லை என்பது என் கருத்து. ஒரே நிறுவனமும் ஒரே அரசும் இரண்டு வாசகர்களிடம் எப்படி இரண்டு விதமாகப் பேசுகின்றன என்பதை இங்குள்ள மாணவர் இரண்டு தாள்களை அருகருகே வைத்தே பார்த்துவிட முடியும். சென்னை மாணவருக்கு அது அவ்வளவு எளிதில் வாய்க்காது.

இந்த வழிகாட்டி எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மொழிப் பாடம், சமூக அறிவியல், கணக்கு ஆகிய மூன்றிலிருந்தும் சில பாடவேளைகளைக் கடன் வாங்கினால் ஒரு பருவத்துக்குள் நடத்தி முடிக்கலாம். கேரளத்தில் பள்ளிகளின் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் அரசு நிறுவனமான கைட் 2022-இல் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் பொய்ச்செய்தி குறித்து மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தது. 2024-இல் ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களிலும் அது இடம்பெற்றது. ஆகவே மாணவர்கள் ஒன்றும் அறியாதவர்களாக வருவதில்லை. ஆனால் கணினி வகுப்பில் படித்தது கணினியோடு நின்றுவிடுகிறது. நகைக்கடை நோட்டீஸையும் நாளிதழின் நான்காம் பக்கத்தையும் அதே கண்ணால் பார்க்க அவர்களுக்கு யாரும் பழக்குவதில்லை.

தொடங்குவதற்கு முன் ஆசிரியர் தனக்குள் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ‘விளம்பரம் எல்லாம் பொய், பத்திரிகைக்காரன் எல்லாம் விலைபோனவன்’ என்று மாணவர் சொல்லக் கற்றுக்கொண்டால் இந்த முயற்சி தோற்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். எதையும் நம்பாதவர் எதையும் சோதிப்பதில்லை. அவருக்கும் எல்லாவற்றையும் நம்புகிறவருக்கும் உழைப்பில் வேறுபாடு கிடையாது. ‘இது இவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டு, விடை தேடி ஓரிடத்துக்குப் போய் வருகிற பழக்கம்தான் இங்கே நோக்கம்.

முதற்படி: சேகரித்தல்

இரண்டு வாரம் கால அவகாசம் கொடுத்து, மாணவர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் உள்ள தாள்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். நாளிதழுக்குள் மடித்து வரும் நோட்டீஸ், பலகாரம் பொட்டலம் கட்டி வந்த பழைய தாள், பிஸ்கட் உறை, சத்துமாவு டப்பாவின் அட்டை, பேருந்து நிலையத்துப் பிளக்ஸ் பலகையைப் பார்த்து எழுதிய குறிப்பு, வீட்டிலுள்ளவர் அனுமதியோடு எடுத்த போன் திரையின் படம் (ஸ்கிரீன்ஷாட்) என எதுவும் ஆகும். ஒவ்வொன்றின் பின்புறமும் எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, எந்த மொழி, காசு கொடுத்து வாங்கியதோடு வந்ததா அல்லது தானாகவே வீடு தேடி வந்ததா என்று எழுத வேண்டும். கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். தானாக வந்தவைதாம் பெரும்பான்மை என்பதைக் குவியலைப் பிரிக்கும்போது அவர்களே காண்பார்கள்.

அரசியல் சுவரொட்டிகளை இந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டாம். கட்சி நுழைந்த நொடியில் வகுப்பு வீட்டுக்கு வீடு பிரிந்துவிடும். சோப்பிலும் தங்கத்திலும் கை பழகிய பிறகு அங்கே போகலாம்.

சேகரிப்போடு சேர்த்து ஒரு வெளிவேலையும் தரலாம். பள்ளிப் பிள்ளைகளின் உணவு பற்றிய 2020-ஆம் ஆண்டின் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) ஒழுங்குமுறை, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுப் பொருள்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்கிறது. மாணவர்கள் அளவு நாடாவோடு வாயிலிலிருந்து புறப்பட்டு 50 மீட்டர் வரை கண்ணில் படும் ஒவ்வொரு விளம்பரத்தையும் பட்டியலிடட்டும். கடையின் பெயர்ப்பலகையே பெரும்பாலும் ஒரு குளிர்பானத்தின் விளம்பரமாக இருப்பதையும், கடைக்காரரின் பெயர் அதன் ஓரத்தில் ஒதுங்கி நிற்பதையும் அவர்கள் முதன்முறையாகக் கவனிப்பார்கள். கடைக்காரரிடம் போய்ச் சட்டம் பேசக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலகையைச் செய்து கொடுத்தது அவர் அல்லர்.

இரண்டாம் படி: பார்த்ததை மட்டும் சொல்லுதல்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டுகிறவர்கள் பின்னால் எல்லாவற்றிலும் தடுமாறுகிறார்கள். ஒரு நோட்டீஸைக் கரும்பலகையில் ஒட்டி, கருத்து எதுவும் சொல்லாமல் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

நகைக்கடை நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் மணப்பெண் கழுத்து நிறைய மாலைகளோடு நிற்கிறார். முகத்தைவிடக் கழுத்துக்கே வெளிச்சம் அதிகம். வலப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ‘0%’ என்று சிவப்பு எண். அதற்கு மேலே ‘சேதாரம்’ என்ற சொல். கீழே, எண்ணின் கால்வாசி உயரத்தில் ‘முதல்’ என்ற சொல். அதன் தோளில் ஒரு நட்சத்திரக்குறி. தாளைத் திருப்பினால், கடை முகவரிகளுக்கு அடியில் அரிசி மணி அளவு எழுத்தில், குறிப்பிட்ட சில வடிவமைப்புகளுக்கு மட்டும் என்று ஒரு வரி.

“சேதாரமே இல்லைன்னு போட்டிருக்காங்க, சார்” என்று ஒருவராவது சொல்வார். “அப்படியா? அந்த வரியை எழுத்து விடாமல் வாசி” என்று மட்டும் சொல்லுங்கள். அவர் வாசிக்கும்போது ‘முதல்’ என்ற சொல்லில் நிற்பார். ஆசிரியர் விளக்கம் தர வேண்டிய இடம் அதுவன்று. வகுப்பு தானாகச் சிரிக்கும் வரை காத்திருங்கள்.

எழுத்தின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறிக்கச் செய்வதும் நல்லது. பெரிய கூற்று எத்தனை மில்லிமீட்டர், நிபந்தனை எத்தனை மில்லிமீட்டர் என்று பக்கத்தில் எழுதினால், ‘மறைத்திருக்கிறார்கள்’ என்ற மனவோட்டம் அளக்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது.

மூன்றாம் படி: கூற்றைப் பிரித்துக் கணக்கிடுதல்

விளம்பரத்தில் இருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று, சோதிக்க முடியாத புகழ்ச்சி, நிபந்தனை. ‘916 ஹால்மார்க்’ சோதிக்கக்கூடியது. இப்போது விற்கப்படும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடங்கள் கொண்ட எச்யுஐடி என்ற தனி அடையாளக் குறி இருக்க வேண்டும், அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுப் பார்க்கலாம். ‘தலைமுறைகளின் நம்பிக்கை’ சோதிக்க முடியாதது. இரண்டும் ஒரே அளவு எழுத்தில், ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். பிரிப்பது வாசகரின் வேலையாகிவிடுகிறது.

அடுத்து ‘முதல்’, ‘வரை’ என்ற இரண்டு சொற்களைக் கணக்கு வகுப்புக்குக் கொண்டு போகலாம். கணக்கு எளிதாக இருக்க ஒரு கிராம் தங்கம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எட்டு கிராம் கொண்ட ஒரு பவுன் 80,000 ரூபாய். சேதாரம் 3 விழுக்காடு என்றால் 2,400 ரூபாய் சேர்ந்து 82,400; அதன்மேல் 3 விழுக்காடு ஜிஎஸ்டி போட்டால் 84,872 ரூபாய். அதே பவுனுக்கு 12 விழுக்காடு சேதாரம் என்றால் 89,600 ஆகி, வரியோடு 92,288 ரூபாயில் நிற்கிறது. ஒரு பவுனில் 7,416 ரூபாய் வேறுபாடு. கல்யாணத்துக்கு இருபது பவுன் எடுக்கும் வீட்டில் இது எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பெருக்கிப் பார்த்துவிட்டு வகுப்பு சற்று நேரம் பேசாமல் இருக்கும். ‘0% முதல்’ என்ற விளம்பரம் இந்த இரண்டு விலைகளுக்கும் பொருந்தும் என்பதுதான் அவர்கள் எழுதிவைக்க வேண்டிய முடிவு. விளம்பரம் பொய் சொல்லவில்லை. வாங்குகிறவருக்கு வேண்டிய எண்ணைச் சொல்லவில்லை.

உணவுப் பொருளுக்கும் இதே முறைதான். உறையின் முன்பக்கத்துக் கூற்றை விட்டுவிட்டுப் பின்பக்கத்துக்குப் போக வேண்டும். சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே சர்க்கரை இரண்டாம் இடத்தில் இருந்தால் அது எதைவிட அதிகம், எதைவிடக் குறைவு என்பதை மாணவரே சொல்லிவிடலாம். ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். அந்த ‘ஒரு வேளை’ எத்தனை கரண்டி, தான் வீட்டில் போடுவது எத்தனை கரண்டி என்று பார்த்துவரச் சொல்லுங்கள். 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவிலிருந்து நீக்குமாறு மின்வணிகத் தளங்களைக் கேட்டுக்கொண்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகைக்கு வரையறையே இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

நான்காம் படி: இரு மொழி விளம்பரங்களை அருகருகே வைத்தல்

இந்தப் படிக்காகத்தான் இரண்டு மொழிகளிலும் சேகரிக்கச் சொன்னோம். ஒரே கடையின் தமிழ் நோட்டீஸையும் மலையாள நோட்டீஸையும் இணையாக வைத்து, மலையாளம் சரளமாக வாசிக்கிறவர் ஒருவர், தமிழ் சரளமாக வாசிக்கிறவர் ஒருவர் என இருவர் குழுக்களாக அமர்த்துங்கள். வழக்கமாக வகுப்பில் பின்தங்கியவராகக் கருதப்படும், மலையாளப் பள்ளியிலிருந்து இடையில் வந்து சேர்ந்த மாணவர் இங்கே இன்றியமையாதவராகிவிடுவதைப் பார்க்கலாம்.

குழு தேட வேண்டியவை: எந்தப் பொருள் ஒரு தாளில் இருந்து மற்றதில் இல்லை, விலை ஒன்றா, குடும்பத்தைக் காட்டும் படத்தில் யார் யார் இருக்கிறார்கள், எந்தப் பண்டிகை, எந்த நடிகர், நிபந்தனை வரி எந்த மொழியில் இருக்கிறது. ஆடியில் வேட்டியும் பட்டும் கட்டி நின்ற குடும்பம் ஓணத்துக்குக் கசவு (பொன்னிறக் கரை வைத்த கேரள ஆடை) கட்டி நிற்பது வணிகத்தின் இயல்பு. அதில் குற்றம் எதுவும் இல்லை என்பதையும் ஆசிரியர் சொல்ல வேண்டும். ஆனால் நிபந்தனை வரி வேறு விஷயம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் 2022 ஜூனில் வெளியான, தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகள், கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் நிபந்தனை வரியான பொறுப்புத்துறப்பும் இருக்க வேண்டும், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. பெரிய கூற்று தமிழிலும் நட்சத்திர வரி ஆங்கிலத்திலும் இருக்கும் நோட்டீஸ்கள் உங்கள் குவியலில் எத்தனை என்று எண்ணச் செய்யுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறுகிற தன் தாயை நினைத்துக்கொண்டு மாணவர் அந்த விதியை வாசிக்கும்போது, அது எதற்காக எழுதப்பட்டது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதே நெறிமுறைகளில் ‘இலவசம்’ என்ற கூற்றுக்கும், கையிருப்பில் இல்லாத மலிவுப் பொருளைக் காட்டிக் கடைக்கு இழுக்கும் விளம்பரத்துக்கும், குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கும் தனித்தனி விதிகள் உள்ளன. அவற்றை எளிய தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கி எழுதுவதை மொழிப் பாட ஒப்படைவாகவே தரலாம்.

ஐந்தாம் படி: விளம்பரம் என்று தெரியாத விளம்பரம்

நாளிதழில் செய்தி போலவே தலைப்பு, பத்தி, படம் என அமைந்து, மூலையில் சிறிய எழுத்தில் ‘விளம்பரம்’ என்று மட்டும் குறித்த பகுதிகளை வெட்டி எடுங்கள். அந்தச் சொல்லைக் கத்தரித்துவிட்டு, உண்மையான செய்திகளோடு கலந்து, எது எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் பெயர் இருக்கிறதா, எதிர்த்தரப்பு ஒருவராவது பேசுகிறாரா, குறையே இல்லாத செய்தியா என்ற மூன்று தடயங்களைக் கொண்டு பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போனில் பார்க்கும் ரீல்ஸ் இதைவிடக் கடினம். சமையல் செய்துகொண்டே ஒரு மசாலாவைப் புகழ்கிறவருக்கு அந்த நிறுவனம் பணமோ பொருளோ கொடுத்திருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கி 2021-இலும், ஒன்றிய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும் நெறிமுறை வெளியிட்டன. பத்து ரீல்ஸ் பார்த்து எத்தனையில் அந்த அறிவிப்பு இருந்தது என்று குறித்துவரச் சொன்னால் போதும்.

பெயரை மட்டும் நிலைநிறுத்தும் மறைமுக விளம்பரத்தையும் சுருக்கமாகத் தொடலாம். மதுவையும் புகையிலையையும் விளம்பரப்படுத்த முடியாத நிறுவனம், அதே பெயரில் சோடாவையோ ஏலக்காயையோ பெரும் நடிகரை வைத்து ஏன் விளம்பரப்படுத்துகிறது என்று கேட்டால், பத்தாம் வகுப்பு மாணவர்கள் நமக்கு முன்பே விடை வைத்திருப்பார்கள்.

ஆறாம் படி: சட்டகத்துக்கு வெளியே இருப்பதைத் தேடுதல்

கேரள அரசு லாட்டரி இந்தப் படிக்கு மிகப் பொருத்தமான பாடம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை இருப்பதால், எல்லை தாண்டி வந்து வாளையாறிலும் மீனாட்சிபுரத்திலும் சீட்டு வாங்குகிறவர்களை நம் மாணவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். 2023-ஆம் ஆண்டுத் திருவோணம் பம்பரின் 25 கோடி ரூபாய் முதல் பரிசு வாளையாறில் விற்ற சீட்டுக்கு, திருப்பூர்ப் பகுதி நண்பர்களுக்கு விழுந்தது. அதற்குப் பிறகு வாளையாறுக் கடைகளில் அந்தச் செய்தியே விளம்பரமாகிவிட்டதில் வியப்பில்லை.

மாணவர்கள் செய்ய வேண்டிய கணக்கு இது. அந்தக் குலுக்கலில் விற்ற சீட்டுகள் ஏறக்குறைய 75 லட்சம். சீட்டின் விலை 500 ரூபாய். ஆக மக்கள் கொடுத்தது ஏறக்குறைய 375 கோடி ரூபாய். சீட்டு ஒன்றுக்கு ஒருவர் என்று மீட்டருக்கு ஒருவராக நிறுத்தினால் வரிசை 7,500 கிலோமீட்டர் நீளும். அதில் ஒருவர் மட்டும் முதல் பரிசுக்காரர். அவர் கைக்கும் 25 கோடி வருவதில்லை. முகவர் கழிவு 10 விழுக்காடு போக 22.5 கோடி, அதில் 30 விழுக்காடு வரி போக 15.75 கோடி, அதற்கு மேலும் கூடுதல் வரி உண்டு. இரண்டாம், மூன்றாம் பரிசுகளும் பல இருப்பதால் ‘மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை’ என்று எழுதுகிற மாணவரையும் திருத்த வேண்டும். பத்திரிகையில் வரும் படத்தில் வென்றவர் இருப்பார், வரிசை இருக்காது. அந்த வரிசையைக் கணக்கால் வரைந்து காட்டுவதுதான் பயிற்சி.

மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். லாட்டரி வருவாய் அரசுக்குப் போகிறது. காருண்யா லாட்டரியிலிருந்து ஏழைகளின் மருத்துவச் செலவுக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. மேலும் வகுப்பில் சில மாணவர்களின் பெற்றோர் சீட்டு விற்றே வீடு நடத்துகிறார்கள். மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் இந்தத் தொழிலில் நிறையப் பேர். ஆகவே பேச்சு சீட்டின் விளம்பரத்தைப் பற்றியே இருக்க வேண்டும். விற்கிறவர் மீது ஒரு சொல்கூட விழக்கூடாது.

இரண்டாவது எடுத்துக்காட்டுக்கு நெடுந்தொலைவு போக வேண்டாம். சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை இருக்கிறது. அங்கே 2000-இல் கோக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகள் வற்றுகின்றன, தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை என்று சுற்றிலும் வாழ்ந்த மக்கள், அவர்களில் பலர் தமிழ் பேசும் பழங்குடியினர், முறையிட்டார்கள். 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமாக விளங்கினார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது.

இதைப் போராட்ட வரலாறாக நடத்துவது வேறு பாடம். இங்கே ‘எப்படித் தெரியும்’ என்ற கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆலைக் கழிவு உரமாக உழவர்களுக்குத் தரப்பட்டது. பார்ப்பதற்கு அது வெறும் சேறு. 2003-இல் பிபிசி வானொலி அதன் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, காட்மியமும் ஈயமும் இருப்பதாக வெளியிட்டது. ஒரு தரப்பு ‘உரம்’ என்றும் மறு தரப்பு ‘நஞ்சு’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாக்குவாதத்தை நகர்த்தியது மாதிரி எடுத்துச் சோதித்த செயல். பாட்டிலைக் காட்டும் விளம்பரப் படத்தைக் கையில் கொடுத்து, இந்தப் பாட்டில் நிரம்பும் முன் எங்கெங்கே போய் வந்திருக்கும் என்று பின்னோக்கி ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள்: தண்ணீர், சர்க்கரை, லாரி, மின்சாரம், கழிவு. விளம்பரத்தில் இவற்றில் எது வருகிறது என்று அவர்களே குறிக்கட்டும்.

ஏழாம் படி: ஒரே செய்தி, இரண்டு மாநிலம்

விளம்பரத்தில் பழகிய கண்ணைச் செய்திக்குத் திருப்பும் இந்தப் படிக்குக் குறைந்தது மூன்று பாடவேளைகள் ஒதுக்குங்கள். ஆழியாற்றுத் தண்ணீரைப் போல இங்கே பயன்படும் செய்தி வேறில்லை. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் தர வேண்டும். சித்தூர்ப்புழைப் பாசனம் அதை நம்பியிருக்கிறது. மழை பொய்க்கும் ஆண்டில் இந்தச் செய்தி இரு பக்க நாளிதழ்களிலும் வரும். வரும் விதம் வேறாக இருக்கும். ஒரு பக்கத்தில் ‘திறந்துவிடப்பட்டது’ என்பது செய்தி. மறுபக்கத்தில் ‘குறைவாக வந்தது’ என்பது செய்தி. இரண்டும் ஒரே நாளில் உண்மையாக இருக்க முடியும்.

ஒரே தேதியின் இரண்டு நாளிதழ்களை வாங்கி, நான்கு கேள்விகளுக்கு விடை எழுதச் செய்யுங்கள். யாரிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள்: பொறியாளரா, அமைச்சரா, உழவரா, எந்த ஊர் உழவர்? எந்த எண் தரப்பட்டிருக்கிறது? அந்த எண் எந்த அலகில்? எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்: ஒப்பந்த அளவோடா, சென்ற ஆண்டோடா, நேற்றோடா?

அலகில் சற்று நின்று செல்லுங்கள். விநாடிக்கு 400 கன அடி என்று படித்தால் பேராறு போலத் தோன்றும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆக ஒரு நாளில் 3.456 கோடி கன அடி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. அதே வேகத்தில் ஓடினாலும் ஒரு டிஎம்சி சேர ஏறக்குறைய 29 நாள் ஆகும். கன அடியில் எழுதியவரும் டிஎம்சியில் எழுதியவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முன்னதைப் படித்தவருக்கு நிறையக் கொடுத்தது போலவும், பின்னதைப் படித்தவருக்கு ஒன்றும் வராதது போலவும் படுகிறது. இந்தக் கணக்கை ஒருமுறை போட்ட மாணவர், அலகைப் பார்க்காமல் எண்ணை நம்புவதில்லை.

வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் வயல் இருக்கும். அந்தத் தண்ணீர் வராத வருத்தமும் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்து உறவினர் வயலுக்கும் அதே நீர்த்திட்டம்தான் என்பதும் பலருக்குத் தெரியும். ‘எந்தப் பத்திரிகை சரி’ என்று வாக்கெடுப்பு நடத்த வேண்டாம். இரண்டையும் படித்தவர் மட்டும் எழுதக்கூடிய மூன்றாவது செய்தி ஒன்றைப் பத்து வரியில் எழுதச் சொல்லுங்கள். மலையாள நாளிதழிலிருந்து ஒரு எண்ணும் தமிழ் நாளிதழிலிருந்து ஒரு எண்ணும் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது நிபந்தனை.

எட்டாம் படி: போனில் வருவது

2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது முல்லைப்பெரியாறு அணை உடைந்துவிட்டதாகக் குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் பரவின. அணை உடையவில்லை. இன்றைய மாணவர்கள் அப்போது சிறு பிள்ளைகள். வீட்டிலுள்ளவர்களிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லுங்கள். யார் அனுப்பினார்கள், ஏன் நம்பினார்கள், யாருக்கு அனுப்பினார்கள் என்ற மூன்று விடைகளும் வந்தால், பதற்றமும் அனுப்பியவர் மீதுள்ள பாசமும் சேர்ந்தே செய்தியைச் சுமந்து போகின்றன என்பது தெரியவரும். பெரியப்பா அனுப்பியதைச் சந்தேகிப்பது பெரியப்பாவையே சந்தேகிப்பது போலப் படுவதுதான் இங்குள்ள உண்மையான இடர்ப்பாடு. “இது எங்கிருந்து வந்தது, பெரியப்பா?” என்று மரியாதையாகக் கேட்கப் பழக்குங்கள், மறுத்துப் பேசப் பழக்க வேண்டாம்.

வழிமுறை ஒன்றே போதும். வந்த செய்தியையே திரும்பத் திரும்பப் பார்த்து உண்மை தெரியாது. அதைவிட்டு வெளியே போய், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் இப்படித்தான் உடனே பக்கத்தைவிட்டு வெளியேறுகிறார்கள் என்றும், நன்கு படித்தவர்கள்கூட அந்தப் பக்கத்திலேயே தங்கி ஏமாறுகிறார்கள் என்றும் கண்டார்கள். படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் இட்டு, அதே படம் முன்பு எந்த ஆண்டில், எந்த ஊரின் பெயரில் வந்திருக்கிறது என்று தேடலாம். அணை, மழை, விடுமுறை பற்றியது என்றால் மாவட்ட ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தைப் பார்க்கலாம். எல்லையில் இருப்பதால், பாலக்காட்டு விடுமுறையா கோயம்புத்தூர் விடுமுறையா என்று பார்ப்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஒன்பதாம் படி: தாமே விளம்பரம் செய்தல்

வேலந்தாவளம் சந்தைக்கு வரும் காய்கறியோ, பனை நுங்கோ, இளநீரோ, மாணவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளைக் கொடுத்து இரண்டு விளம்பரங்கள் செய்யச் சொல்லுங்கள். முதலாவதில் ஒரு பொய்கூட இருக்கக்கூடாது. ஆனாலும் வாங்குகிறவர் ஏமாற வேண்டும். இரண்டாவதில் பொருளின் குறையையும் சொல்லிவிட்டு விற்க வேண்டும். முதலாவது மிக எளிதாக வந்துவிடுவதைக் கண்டு அவர்களே திகைப்பார்கள். ‘வரை’, ‘முதல்’, நட்சத்திரக்குறி எல்லாம் கைக்குத் தானாக வந்து சேரும். இரண்டாவதற்குத்தான் நேரம் பிடிக்கும், அதில்தான் நல்ல தமிழும் வெளிப்படும்.

பத்தாம் படி: புகார் எழுதுதல்

தவறான விளம்பரம் என்று ஆதாரத்தோடு முடிவுசெய்த ஒன்றைப் பற்றி மாணவர்கள் புகார்க் கடிதம் எழுதட்டும். 1985-இல் தொடங்கிய ஆஸ்கி, விளம்பரத் துறையினரே நடத்தும் தற்கட்டுப்பாட்டு அமைப்பு. இணையத்தில் கட்டணமின்றிப் புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்காக முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும் மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கும் அதிகாரம் உண்டு. ‘பத்து நாளில் சர்க்கரை நோய் தீரும்’ என்பது போன்ற மருந்து விளம்பரங்களுக்கு 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டமே இருக்கிறது.

இங்கே ஒரு நிகழ்வைச் சொல்வது பயன்தரும். 2024 ஏப்ரலில் பதஞ்சலி நிறுவனம் தன் விளம்பரங்கள் தொடர்பாக நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டபோது, வழக்கமாக வெளியிடும் விளம்பரங்களின் அளவில்தான் இந்த மன்னிப்பும் இருக்கிறதா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அடுத்துப் பெரிய அளவில் மன்னிப்பு வெளியானது. இரண்டாம் படியில் அளவுகோலை வைத்து எழுத்து அளந்த மாணவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

புகாரில் விளம்பரத்தின் படம், வந்த இடம், தேதி, எந்தக் கூற்று, ஏன் தவறு, என்ன ஆதாரம் என்பவை மட்டும் இருந்தால் போதும். கோபச் சொற்களை நீக்கச் சொல்லுங்கள். அனுப்புவதா வேண்டாமா என்பதை ஆசிரியரும் பெற்றோரும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

மதிப்பிடுதல்

தொடக்கத்தில் ஒரு விளம்பரத்தைக் கொடுத்து ‘இதைப் பற்றி எழுது’ என்று மட்டும் சொல்லி விடைகளை வாங்கி வைத்திருங்கள். பருவ முடிவில் வேறொன்றைக் கொடுத்து அதே சொற்களில் கேளுங்கள். ‘நன்றாக இருக்கிறது’, ‘ஏமாற்றுகிறார்கள்’ போன்ற தீர்ப்புகளுக்கு மதிப்பெண் கிடையாது. தாளிலிருந்து எடுத்துக்காட்டிய சொல்லுக்கும், செய்து காட்டிய கணக்குக்கும், ‘இதை இன்னாரிடம், இந்த இடத்தில் சரிபார்ப்பேன்’ என்று எழுதிய வரிக்கும் மதிப்பெண் உண்டு. இறுதித் தேர்வுக்குக் கொடுக்கும் தாள்களில் ஒன்றாவது குறை காண முடியாத நேர்மையான விளம்பரமாக இருக்க வேண்டும்; கூட்டுறவுச் சங்கத்தின் விலைப்பட்டியலோ, சுகாதாரத் துறையின் தடுப்பூசி அறிவிப்போ பொருத்தமாக இருக்கும். அதிலும் வலிந்து ஒரு மோசடியைக் கண்டுபிடித்து எழுதுகிறவருக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். சரிபார்த்தேன், சரியாகவே இருக்கிறது என்று ஆதாரத்தோடு எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.